முதலில் தோலைப் பாருங்கள்: சமகாலச் சீன உருவ ஓவியத்தில் நிறத்தையும் அழகையும் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சீன ஓவியத்தில் சிவப்பைப் பார்த்ததும் "அவர்களுக்குச் சிவப்பு மங்கலம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கல்யாண வீட்டுத் தோரணத்துக்கு அந்த விளக்கம் போதும். ஆனால் ஜாங் ஷியாவ்காங் வரைந்த குடும்பப் படங்களில் அப்பாவும் அம்மாவும் சாம்பல் நிறத்தில் இருப்பார்கள், குழந்தை மட்டும் சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்பு மங்கலமானது இல்லை என்பது பார்த்த கணமே நமக்குத் தெரிகிறது. ஏன் என்றுதான் சொல்லத் தெரிவதில்லை.

அதைச் சொல்லத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதியது இந்த வழிகாட்டி. நான் பிடித்துக்கொண்டிருக்கும் வழி எளிமையானது: முதலில் தோலைப் பாருங்கள். உடை, பின்னணி, சின்னங்கள் எல்லாம் அப்புறம். எது அழகான முகம், அதை யார் முடிவு செய்வது என்ற கேள்விக்குக் கடந்த நாற்பத்தைந்து வருடச் சீன ஓவியர்கள் பதில் எழுதிய இடம் முகத்தோல்தான்.

முதல் படி: நிறங்களின் பழைய பொருளைத் தெரிந்துகொண்டு, ஓரமாக வையுங்கள்

சீன மரபில் அடிப்படை நிறங்கள் ஐந்து. நீலமும் பச்சையும் சேர்ந்த 'ச்சிங்' கிழக்குக்கும் மரத்துக்கும் உரியது. சிவப்பு தெற்கு, நெருப்பு. மஞ்சள் நடு, மண். வெள்ளை மேற்கு, உலோகம். கறுப்பு வடக்கு, நீர். மஞ்சள் பேரரசருடையது, வெள்ளை துக்க வீட்டுடையது. பெய்ஜிங் ஆப்பராவில் முகச்சாயமே பாத்திரத்தின் குணத்தைச் சொல்லிவிடும். சிவப்பு முகம் குவான் யு போன்ற விசுவாசமான வீரனுக்கு, கறுப்பு முகம் பாவ் ஜெங் போன்ற வளையாத நீதிபதிக்கு, வெள்ளை முகம் ட்சாவ் ட்சாவ் போன்ற சூழ்ச்சிக்காரனுக்கு.

இங்கே தமிழ் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் "பொண்ணு நல்ல சிவப்பு" என்று சொல்லும்போது வெளுத்த நிறத்தைத்தான் சொல்கிறோம். அந்தப் பழக்கத்தோடு சீன ஓவியத்துக்குள் போனால் சிவந்த முகமும் வெளுத்த முகமும் ஒன்றாகக் குழம்பிவிடும். அங்கே இரண்டும் எதிரெதிர்த் திசைகள். வெளுப்பு மீதான மோகம் மட்டும் நமக்கும் அவர்களுக்கும் பொது. "ஒரு வெள்ளை மூன்று அவலட்சணத்தை மறைக்கும்" என்பது சீனப் பழமொழி. படிக்கும்போதே நம் வீட்டுத் திண்ணைப் பேச்சு காதில் விழுகிறது.

இன்னொன்று. ஓவியத்துக்குச் சீனத்தில் 'தான்ச்சிங்' என்று ஒரு பழைய பெயர் உண்டு. 'தான்' என்பது சாதிலிங்கச் சிவப்பு, 'ச்சிங்' என்பது செம்புத்தாதுவில் கிடைக்கும் நீலம். இரண்டு சாயங்களின் பெயரைச் சேர்த்தால் ஓவியம். ஆனால் அதே மரபில்தான் 9-ஆம் நூற்றாண்டில் ஜாங் யான்யுவான் என்ற கலை வரலாற்றாசிரியர், கறுப்பு மையிலேயே ஐந்து நிறங்களும் அடங்கியிருக்கின்றன என்று எழுதினார். பின்னால் வந்த கற்றறிந்த ஓவியர்கள் பளிச்சென்ற நிறத்தைக் கைவினைக்காரர் வேலை என்று கொஞ்சம் தள்ளியே வைத்தார்கள். அதனால் ஒரு சீனப் படத்தில் நிறம் வற்றியிருந்தால் உடனே சோகம் என்று முடிவு கட்டாதீர்கள். நிறத்தைக் குறைப்பது அங்கே நெடுங்காலமாக உயர்ந்த ரசனை.

இரண்டாம் படி: தோல் எதனால் ஆனது என்று கேளுங்கள்

சமகாலச் சீன உருவ ஓவியத்தில் இரண்டு வகைத் தோல் உண்டு. ஒன்று கோட்டிலிருந்து பிறந்தது, மற்றது வெளிச்சத்திலிருந்து பிறந்தது.

கோட்டிலிருந்து பிறந்தது 'கோங்பி' என்ற நுண்கோட்டு முறை. ஷுவான் என்ற சீனக் காகிதத்திலோ பட்டிலோ படிகாரமும் வஜ்ஜிரப் பசையும் கரைத்த நீரைப் பூசிக் காயவைக்கிறார்கள், மை ஊறிப் பரவாமல் இருக்க. பிறகு முடியிழை போன்ற கோட்டில் முகம். அடுத்து வருவதுதான் பார்க்க வேண்டிய வேலை. ஓவியர் ஒரே கையில் இரண்டு பிரஷ் பிடித்திருப்பார், ஒன்றில் சாயம், மற்றதில் வெறும் தண்ணீர். கன்னத்தில் ஒரு துளி சாயத்தை வைத்த உடனே ஈரப் பிரஷால் அதன் விளிம்பை இழுத்துக் கரைத்துவிடுவார். காயும். மறுபடி ஒரு பூச்சு, மறுபடி ஒரு கரைப்பு. "மூன்று படிகாரம், ஒன்பது சாயம்" என்பது அந்தத் தொழிலில் புழங்கும் வாய்ச்சொல். பட்டாக இருந்தால் பின்பக்கத்திலிருந்தும் வெள்ளை பூசுவார்கள். முன்னால் பார்ப்பவருக்கு வெள்ளைப் பூச்சு தெரியாது, தோலுக்கு உள்ளே ஏதோ விளக்கு எரிவதுபோல மட்டும் தெரியும். நெற்றி, மூக்கு, தாடை மூன்றையும் வெள்ளையால் தூக்கிக் காட்டும் 'மூன்று வெள்ளை' முறையை மிங் காலத்து தாங் யின்னின் பெண் உருவங்களில் நன்றாகப் பார்க்கலாம்.

இந்த முறையில் இன்று வரைபவர்களில் தியான்ஜினைச் சேர்ந்த ஹே ஜியாயிங்கிலிருந்து தொடங்கலாம். 1991-இல் அவர் வரைந்த இலையுதிர்காலப் படத்தில், பிர்ச் மரங்களுக்கு நடுவே மஞ்சள் இலைகளும் நீல வானமும் சூழ ஓர் இளம்பெண் உட்கார்ந்திருக்கிறாள். முகத்தில் நிழல் என்று தனியாக எதுவும் இல்லை. ஆனாலும் கன்னம் உருண்டிருக்கிறது. அது பூச்சின் மேல் பூச்சாக வந்த உருட்சி.

வெளிச்சத்திலிருந்து பிறக்கும் தோல் ஆயில் பெயின்டுக்கு உரியது. பாரிஸில் படித்துத் திரும்பிய ஷு பெய்ஹோங் அதற்கு ஒரு வழி போட்டார். 1955 முதல் 1957 வரை பெய்ஜிங் மத்திய நுண்கலைக் கழகத்தில் சோவியத் ஓவியர் மக்சிமோவ் நடத்திய வகுப்பு இன்னொரு வழி போட்டது. முகத்தைச் சின்னச் சின்னத் தளங்களாகப் பிரித்து, வெளிச்சம் படும் தளத்தை வெதுவெதுப்பாகவும் நிழல் தளத்தைக் குளிர்ச்சியாகவும் வைக்கும் பயிற்சி அது. ஒரு சீன முகத்தில் கண்ணுக்குக் கீழே பச்சையோ ஊதாவோ தெரிந்தால் அந்த ஓவியர் இந்தப் பள்ளியின் வழிவந்தவர் என்று பெரும்பாலும் நம்பலாம்.

சாயமும் மாறும் என்பதை மறக்க வேண்டாம். வடமேற்குச் சீனாவின் பழைய துன்ஹுவாங் பௌத்தக் குகை ஓவியங்களில் கறுத்த முகங்களைப் பார்த்து அவற்றுக்கு ஆழ்ந்த பொருள் சொன்னவர்கள் உண்டு. ஈயம் கலந்த சாயங்கள் காலப்போக்கில் கறுத்ததுதான் காரணம்.

மூன்றாம் படி: வழவழப்பு எங்கிருந்து வந்தது?

இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள். சமகாலச் சீன முகங்களின் ரகசியம் பாதி இங்கேதான் இருக்கிறது.

1910-களில் ஷாங்ஹாயில் சிகரெட், சோப்பு, மருந்துக் கம்பெனிகள் விளம்பரத்துக்காகக் காலண்டர் அச்சிட்டுக் கொடுத்தன. அதற்குப் பெண் முகங்கள் தேவைப்பட்டன. ஜெங் மான்துவோ என்ற ஓவியர் ஒரு முறையைக் கையாண்டார். முதலில் கரித்தூளைத் தேய்த்துத் தேய்த்து முகத்தின் மேடுபள்ளத்தை மிக மென்மையாகக் கொண்டுவருவது, அதன் மேல் நீர்வண்ணம் பூசுவது. பிரஷ் தடம் ஒன்றுகூடத் தெரியாது. பால் ஆடை போன்ற தோல், ரோஜா நிறக் கன்னம். 1920-களிலும் 30-களிலும் ஹாங் ஜியிங்கின் பட்டறை இதைப் பெரும் தொழிலாகவே நடத்தியது. முலாம்பழ விதை வடிவ முகம், வில்லோ இலைப் புருவம், செர்ரிப் பழ வாய் என்ற பழைய வர்ணனைகள் நவீன உடை போட்டுக்கொண்டு வீட்டுச் சுவருக்கு வந்தது இப்படித்தான்.

1949-க்குப் பிறகு இந்த ஓவியர்கள் காணாமல் போகவில்லை. ஜின் மெய்ஷெங், லி முபாய் போன்றவர்கள் புத்தாண்டுப் படங்கள் வரையப் போனார்கள். பட்டு கவுன் போய் வேலையுடை வந்தது, சிகரெட் போய் நெற்கதிர் வந்தது. கன்னத்தின் ரோஜா அப்படியே இருந்தது.

கலாச்சாரப் புரட்சிக் காலத்தில், 1966 முதல் 1976 வரை, அந்த ரோஜா விதியாகவே மாறியது. "சிவப்பு, பிரகாசம், மினுமினுப்பு" என்பது அன்றைய ஓவியர்களுக்கான மூன்று சொல் கட்டளை. மாவோவின் முகத்தில் குளிர் நிறம் வரக்கூடாது. வெளிச்சம் அவர்மேல் விழுவதாக இல்லாமல் அவரிடமிருந்து வருவதாக இருக்க வேண்டும். லியு ச்சுன்ஹுவா 1967-இல் வரைந்த, இளம் மாவோ அன்யுவான் சுரங்கத்துக்கு நடந்துபோகும் படம் 90 கோடிப் பிரதிகள் அச்சானதாகச் சொல்வார்கள். ஒரு தலைமுறையே அழகான முகம் என்றால் என்ன என்பதை இப்படிப்பட்ட அச்சுப் படங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டது. வழவழப்பான சிவந்த தோல், களைப்பே அறியாத தோல்.

இதைத் தெரிந்துகொண்டால் பின்னால் வந்த ஒவ்வொரு முகமும் இந்தத் தோலுக்கு எழுதிய பதிலாகத் தெரியத் தொடங்கும்.

நான்காம் படி: முதல் பதிலைப் பாருங்கள்

1980-இல் சிச்சுவான் நுண்கலைக் கழக மாணவர் லுவோ ஜோங்லி 'அப்பா' என்ற படத்தை வரைந்தார். இரண்டு மீட்டருக்கும் மேல் உயரம். மாவோவின் முகத்துக்கு மட்டுமே அதுவரை ஒதுக்கப்பட்டிருந்த அளவில் ஒரு கிழட்டு விவசாயியின் முகம். இன்று பெய்ஜிங்கில் சீன தேசியக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கிட்டப் போய்ப் பார்ப்போம். தலையில் வெள்ளைத் துணி. வெயிலில் வெந்து செம்புபோல ஆன தோல். சுருக்கங்களுக்குள் அழுக்கு. மூக்கின் மேல் வியர்வை முத்துகள், ஒவ்வொன்றிலும் தனித்தனி வெளிச்சப் புள்ளி. கையில் சொரசொரப்பான பீங்கான் கிண்ணம். விரலில் கட்டு. பின்னால் விளைந்த வயல்போல மஞ்சள். 1975-இன் புத்தாண்டுக்கு முந்தைய இரவில், பொதுக்கழிப்பிடத்துக்குப் பக்கத்தில் எருவுக்குக் காவல் நின்ற ஒரு விவசாயியைப் பார்த்ததில்தான் இந்தப் படம் தொடங்கியது. முகத்தை இவ்வளவு பெரிதாக, துளை துளையாக வரையும் துணிவு அமெரிக்கரான சக் க்ளோஸின் படங்களைப் பற்றி ஒரு பத்திரிகையில் பார்த்ததிலிருந்து வந்தது.

காதுக்குப் பின்னால் ஒரு பால்பாயின்ட் பேனா செருகியிருக்கிறது. புதிய சமூகத்து விவசாயி என்று காட்ட வேண்டும் என மேலிருந்து வந்த யோசனையின்பேரில் சேர்த்தது. எனக்கு அந்தப் பேனாவைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கும். படம் முழுக்க மண் நிறம், அந்த ஒரு பொருள் மட்டும் ஒட்டாமல் நிற்கிறது. தேசிய இளைஞர் கண்காட்சியில் படம் முதல் பரிசு வாங்கியது. பட்டும் பழமும் ஏதும் இல்லாத ஒரு தோல் அழகானது என்று ஏற்கப்பட்டது அன்றைய சீனாவில் சின்ன விஷயம் இல்லை.

ஐந்தாம் படி: ஒரு படத்தை முழுதாகப் படியுங்கள்

இப்போது ஜாங் ஷியாவ்காங்கின் 'ரத்த உறவு: பெரிய குடும்பம்' வரிசைக்கு வரலாம். அவர் 1958-இல் குன்மிங்கில் பிறந்தவர். 1992-இல் மூன்று மாதம் ஜெர்மனியில் இருந்துவிட்டுத் திரும்பினார். 1993-இல் வீட்டில் பழைய புகைப்படங்களைப் புரட்டியபோது அம்மாவின் இளவயதுப் படம் கிடைத்தது. அவருக்குத் தெரிந்த அம்மா மனநோயால் அவதிப்பட்டவர். படத்தில் இருந்தவர் அமைதியான அழகி. வரிசையின் விதை அந்தப் படம்.

இந்த வரிசையில் எந்தப் படத்தையும் எடுத்துக்கொண்டு இப்படிப் பாருங்கள்.

முதலில் தோல். காலண்டர் அழகியின் அதே வழவழப்பு, பிரஷ் தடமே இல்லை. ஆனால் ரோஜா இல்லை, சாம்பல். பழைய ஸ்டூடியோவில் கரித்தூளாலும் டச்சிங்காலும் செய்த முகப்படங்களிலிருந்து இதை எடுத்துக்கொண்டார். கட்டளையின் வழவழப்பை அப்படியே வைத்துக்கொண்டு அதன் ரத்தத்தை மட்டும் வடித்துவிட்டார் என்று நான் படிக்கிறேன். எல்லா முகமும் ஒரே முகம் போல இருப்பதைக் கவனியுங்கள். அப்பா, அம்மா, பிள்ளை மூவருக்கும் அதே கண், அதே வாய்.

அடுத்தது சிவப்பு. மெல்லிய நூல்போல ஒரு சிவப்புக் கோடு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிறது. ரத்த நாளம், தொப்புள்கொடி, தையல் நூல் என எப்படியும் பார்க்கலாம். சில படங்களில் குழந்தை மட்டும் சிவப்பாகவோ மஞ்சளாகவோ இருக்கிறது. பெற்றோர் நிறத்தைத் தொலைத்துவிட்ட குடும்பத்தில் அந்த நிறம் குழந்தைமேல் வந்து ஏறிக்கொண்டது போல.

பிறகு அந்தத் திட்டு. கன்னத்திலோ நெற்றியிலோ மச்சம் போல, வெளிச்சக் கசிவு போல ஒரு நிறத்திட்டு. பழைய புகைப்படத்தில் ஈரம் பட்ட கறை என்றும் சொல்லலாம். ஒரே மாதிரி ஆக்கப்பட்ட முகங்களில் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக்காட்டும் அடையாளம் பெரும்பாலும் அது ஒன்றுதான். இந்தப் படங்களின் அழகு எனக்கு அந்தத் திட்டில்தான் இருக்கிறது.

கடைசியாகக் கண்கள். கு காய்ஜி என்ற 4-ஆம் நூற்றாண்டு ஓவியர் ஆட்களை வரைந்துவிட்டுப் பல வருடம் கண்மணியை வைக்காமலே விடுவாராம். உயிர் கடத்தப்படுவது கண்ணில்தான் என்பது அவர் வாக்கு. ஜாங்கின் கண்கள் ஈரமாக இருக்கின்றன, ஆனால் எங்கும் பார்ப்பதில்லை. கு காய்ஜியின் வாக்கு தெரிந்த ஒருவருக்கு இதைவிடப் பெரிய இழப்பை ஓவியத்தில் காட்ட முடியாது. இந்த வரிசையின் மூன்றாம் எண் படம் 2014-இல் ஹாங்காங் ஏலத்தில் 9.4 கோடி ஹாங்காங் டாலருக்குப் போனது.

ஆறாம் படி: மிகையான தோலைக் கண்டால்

சில ஓவியர்கள் சாம்பலுக்குப் போகாமல் எதிர்ப்பக்கம் போனார்கள். யுவே மின்ஜுன் தன் முகத்தையே பளபளக்கும் இளஞ்சிவப்பில், கண் மூடிய பெருஞ்சிரிப்போடு மறுபடி மறுபடி வரைந்தார். அது தொழிற்சாலையில் அச்சு வார்த்த தோல். பழைய போஸ்டரின் "சிவப்பு, பிரகாசம், மினுமினுப்பு" அதில் முழுசாக இருக்கிறது, சிரிப்பதற்குக் காரணம் மட்டும் இல்லை.

செங் ஃபான்ஜி வூஹானில் மருத்துவமனைக்குப் பக்கத்தில் வசித்தவர். கசாப்புக்கடை இறைச்சியின் நிறம் அவருடைய ஆரம்பகால மனிதர்களின் தோலாகவே ஆனது. பெய்ஜிங்குக்குக் குடிபெயர்ந்தபின் 1994-இல் முகமூடி வரிசையைத் தொடங்கினார். நல்ல கோட்டு, டை, முகத்தில் வெள்ளை முகமூடி. கைகளைப் பாருங்கள்: அளவுக்கு மீறிப் பெரிசு, தோலுரித்ததுபோல் சிவப்பு. முகம் மறைப்பதைக் கை சொல்லிவிடுகிறது. அவரிடம் நிறத்தைப் படிக்க இந்த ஒரு முரண் போதும்.

ஏழாம் படி: யாருடைய கண்ணுக்கு அழகு?

இந்தக் கேள்வியைப் பெண் உருவங்களிடம் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். மக்சிமோவ் வகுப்பில் படித்த ஜின் ஷாங்யி 1983-இல் 'தஜிக் மணப்பெண்' வரைந்தார். சிவப்பு முக்காடு, ஒரு பக்கமிருந்து வரும் இதமான ஒளி, இருண்ட பின்னணி. போஸ்டர்ச் சிவப்புக்குப் பழகியிருந்த கண்களுக்கு இந்த அமைதியான சிவப்பு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். படம் அழகுதான். ஆனாலும், அழகைத் தேடிய, பெரும்பான்மை ஹான் இனத்து ஓவியர்கள் பலர் சிறுபான்மையினரான தஜிக், திபெத்தியப் பெண்களிடம் போனது ஏன் என்ற கேள்வி எனக்குள் நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அழகைப் பார்ப்பதைவிடத் தூரத்து மலைப் பெண்ணிடம் பார்ப்பது சுலபம். அடுத்த வருடமே ஜின் ஒரு இளம் பாடகியை வரைந்தார். பின்னணியில் வட சோங் காலத்து ஃபான் குவானின் மலை. வெளிச்சத் தோலும் மை மலையும் ஒரே கேன்வாஸில் சேர்ந்த முக்கியமான படம் அது. மாடலாக உட்கார்ந்தவர் பெங் லியுவான், பின்னாளில் ஷி ஜின்பிங்கின் மனைவி.

சென் யிஃபெய் வரைந்த பட்டாடைப் பெண்கள் விற்பனையில் கொடிகட்டிப் பறந்தார்கள். தொழில்நுட்பம் அபாரம். ஆனால் அவர்களின் தோலைவிடப் பட்டு உயிரோடு இருக்கிறது. என் கணக்கில் அது ஷாங்ஹாய் காலண்டரின் நீட்சி.

யு ஹோங்கிடம் வந்தால் காற்று மாறுகிறது. 1999-இல் தொடங்கிய 'வளர்ச்சிக்குச் சாட்சி' வரிசையில் தன் வாழ்வின் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு படம். பக்கத்தில் அந்த வருடத்துப் பத்திரிகைப் படம் ஒன்று. 1994-இல் மகள் பிறந்தபின் மகளும் படத்துக்குள் வருகிறாள். தோல் மங்கும், சதை போடும், களைக்கும். ஒரு பெண் தன்னைத்தானே பார்க்கும்போது 'மூன்று வெள்ளை'க்கு வேலையே இல்லை.

அவர் கணவர் லியு ஷியாவ்தோங் நேரில் உட்கார்த்தி வைத்து வரைபவர். யாங்சி ஆற்றின் முப்பள்ளத்தாக்கு அணைக்காக ஊர்கள் இடிக்கப்பட்டபோது ஃபெங்ஜியே போய், மொட்டைமாடியில் மெத்தை போட்டுக் கூலித் தொழிலாளர்களைச் சீட்டாட வைத்து, 2005-இல் ஐந்து கேன்வாஸ்களில் வரைந்தார். வெற்று மார்பு, வெயில் பட்ட தோளில் செம்மண் நிறம், மடிப்புகளில் ஆற்றின் பச்சை. அகலப் பிரஷால் ஓரிரு இழுப்பில் முடிந்த தோல் அது. யாரும் அதைக் கரைத்து வழவழப்பாக்கவில்லை. அவருக்கு மாடலாக இருந்த ஒருவர் இடிப்பு வேலையில் இறந்துபோனார். லியு அவர் குடும்பத்தைப் போய்ப் பார்ப்பது ஜியா ஜாங்க்கேயின் 'டோங்' ஆவணப்படத்தில் இருக்கிறது. அதைப் பார்த்தபின் அந்தத் தோள்களின் நிறத்தை வெறும் நிறமாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

எட்டாம் படி: நீங்களே பார்க்கும்போது

செல்போனில் பார்ப்பதானால் திரையின் 'நைட் லைட்' அமைப்பை அணைத்துவிடுங்கள். அது சாம்பலை மஞ்சளாக்கி ஜாங்கின் படத்தையே மாற்றிவிடும். ஒரே படத்தின் இரண்டு மூன்று நகல்களை ஒப்பிடுங்கள். அளவைத் தெரிந்துகொண்டு, சுவரில் கையால் அளந்து பாருங்கள். இரண்டு மீட்டர் முகத்தின் முன் நிற்பதும் உள்ளங்கை முகத்தைப் பார்ப்பதும் வேறுவேறு. ஹாங்காங் போக வாய்த்தால் எம் ப்ளஸ் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். சுவிட்சர்லாந்தின் ஊலி சிக் 2012-இல் கொடுத்த 1,463 சீனப் படைப்புகள் அங்கேதான் இருக்கின்றன.

படத்தின் முன் நின்றதும் ஒரு கையை நீட்டி அந்த முகத்தின் கண்களை மறைத்துக்கொள்ளுங்கள். கண் தெரிந்தால் நாம் உடனே உணர்ச்சியைத் தேடப் போய்விடுவோம். கன்னத்தை மட்டும் பாருங்கள். தடம் தெரிகிறதா, கரைந்திருக்கிறதா? வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? சிவப்பு இருந்தால் அது தோலுக்குள் இருக்கிறதா, மேலே ஒட்டியிருக்கிறதா? கழுத்தும் கையும் முகத்தின் நிறத்தோடு ஒத்துப்போகின்றனவா? சரி, இப்போது கையை எடுத்துவிட்டுக் கண்களைப் பாருங்கள்.